வலையமைப்பு வீட்டு ஆய்வகம்

வலையமைப்பு வீட்டு ஆய்வகம் என்பது கணினி வலையமைப்புத் துறையின் சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் படிப்போர் தம் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் பயிற்சிக் களம் ஆகும். இது ஒரே கணினியில் இயங்கும் மென்பொருளாக இருக்கலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கருவிகள் சிலவற்றின் தொகுப்பாக இருக்கலாம். இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ, காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க்+ முதலிய தொடக்கநிலைத் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களிடையே இவ்வழக்கம் பரவலாக உள்ளது. இக்கட்டுரை சிசிஎன்ஏ தேர்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குறைந்த செலவில் இத்தகைய ஆய்வகத்தை அமைக்கும் முறையை விளக்குகிறது.

கருவிகளைச் சேர்த்து வைப்பது இவ்வாய்வகத்தின் நோக்கம் அன்று. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வலையமைப்பை வேண்டுமென்றே பழுதாக்கி, பழுதின் காரணத்தைக் கண்டறிந்து, மீண்டும் இயங்கச் செய்வதே இதன் நோக்கம். எனவே எத்தனை கருவிகள் உள்ளன என்பதைவிட, அவற்றில் எத்தனை பழுதுகள் பயிலப்பட்டன என்பதே ஆய்வகத்தின் பயனைத் தீர்மானிக்கிறது.

தேவை

ஓர் அலுவலகத்தின் வலையமைப்பில் தொடக்கநிலைப் பணியாளர் எவரும் சோதனை செய்து பார்க்க அனுமதிக்கப்படுவதில்லை. அங்கு ஒரு தவறான கட்டளை பலரது வேலையை நிறுத்திவிடக்கூடும். ஆனால் வலையமைப்புப் பணியில் பெரும்பகுதி பழுது நீக்குதலே ஆகும். பழுதை முன்பே கண்டிராதவருக்கு அதன் அறிகுறிகள் விளங்குவதில்லை. இந்த இடைவெளியை ஆய்வகம் நிரப்புகிறது.

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். காலப்போக்கில் சிறிது சிறிதாக விரிவடைந்திருந்த அதன் வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை தாங்கக்கூடிய அளவைக் கடந்திருந்தது. பெருமளவு தரவுப் போக்குவரத்து ஏற்பட்டபோது வலையமைப்பில் சுழல் உருவாகி, ஏறத்தாழ நான்கு நாட்கள் அது சீராக இயங்கவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதப் படிவங்களுக்குத் திரும்ப நேரிட்டது. இந்நிகழ்வின் அடிப்படையாக இருந்த நெறிமுறையை இரண்டு பழைய ஸ்விட்சுகளையும் இரண்டு கம்பிவடங்களையும் கொண்டு வீட்டு மேசையில் எவரும் ஆராய முடியும்.

வரலாறு

சிஸ்கோ நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டது. அதன் உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ 1993இலும், தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏ 1998இலும் அறிமுகமாயின. அக்காலத்தில் பயிற்சி பெற உண்மையான கருவிகளைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. திசைவி எனப்படும் ரவுட்டர்களின் விலை மாணவர்களுக்கு எட்டாததாக இருந்ததால், பலர் பயிற்சி நிலையங்களையே நம்பியிருந்தனர். 1997இல் தொடங்கப்பட்ட சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி, கல்வி நிறுவனங்கள் வழியாக இப்பயிற்சியைப் பரப்பியது. அதன் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட பாக்கெட் ட்ரேசர் மென்பொருள், திசைவிகளையும் ஸ்விட்சுகளையும் கணினித் திரையிலேயே இணைத்துப் பார்க்க வழிசெய்தது.

2005இல் பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ, டைனமிப்ஸ் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். சிஸ்கோ 7200 வரிசைத் திசைவியின் வன்பொருளைச் சாதாரணக் கணினியில் போலச்செய்து, அத்திசைவியின் ஐஓஎஸ் இயக்குதளத்தை அப்படியே இயக்கிக்காட்டியதே இதன் சிறப்பு. இதன் மேல் வரைகலை இடைமுகமாக ஜெரமி கிராஸ்மன் உருவாக்கிய ஜிஎன்எஸ்3 அமைந்தது. இதன் பின்னர் வீட்டு ஆய்வகத்தின் எடை கருவி அடுக்குகளிலிருந்து கணினியின் நினைவகத்திற்கு மாறத் தொடங்கியது.

பாடத்திட்டமும் ஆய்வகமும்

ஆய்வகத்திற்காகச் செலவிடுவதற்கு முன்னர் தேர்வின் பாடத்திட்டத்தைப் பார்ப்பது இன்றியமையாதது. பழைய வழிகாட்டிகளை நம்பிக் கருவிகளை வாங்குவோர், தேர்வில் இடம்பெறாத பொருட்களுக்குப் பணம் செலவிடும் நிலை ஏற்படுகிறது. சிசிஎன்ஏ தேர்வு 2020 பிப்ரவரி 24 முதல் 200-301 என்னும் எண்ணுடன் நடைபெறுகிறது. இதன் 1.1ஆம் பதிப்புப் பாடத்திட்டம் 2024 ஆகத்து 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பாடப்பிரிவுகளின் பங்கு பின்வருமாறு:

* வலையமைப்பின் அடிப்படைகள் – 20%
* வலையமைப்பு அணுகல் – 20%
* ஐபி இணைப்பு – 25%
* ஐபி சேவைகள் – 10%
* பாதுகாப்பின் அடிப்படைகள் – 15%
* தன்னியக்கமும் நிரலாக்கமும் – 10%

ஸ்விட்ச் இணைப்புகளும் திசைவிப்புமே ஏறத்தாழ பாதி இடத்தைப் பெறுவதை இதிலிருந்து அறியலாம். இவ்விரண்டுமே ஆய்வகத்தில் நன்கு பயிலத்தக்கவை.

முன்பு முக்கியமாக இருந்த சில பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டன. ஃபிரேம் ரிலே 2016ஆம் ஆண்டின் மாற்றத்தில் நீங்கியது. ரிப், இஐஜிஆர்பி ஆகிய திசைவிப்பு நெறிமுறைகளும், தொடர்நிலை இணைப்புகளில் இயங்கும் பிபிபி நெறிமுறையும் 2020ஆம் ஆண்டின் மாற்றத்தில் நீங்கின. எனவே திசைவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சீரியல் அட்டைகளும் அவற்றுக்கான தடித்த கம்பிவடங்களும் இத்தேர்வுக்கு இன்று தேவையற்றவை. பழைய கருவித் தொகுப்புகளை விற்போர் இவற்றையும் சேர்த்தே விலை கூறுவதுண்டு.

ஆய்வக வகைகள்

சிமுலேட்டர்

ஒரு கருவி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை நிரலாளர்கள் எழுதிவைத்து, அந்நடத்தையை மட்டும் திரையில் காட்டும் மென்பொருள் சிமுலேட்டர் எனப்படும். பாக்கெட் ட்ரேசர் இவ்வகையைச் சேர்ந்தது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கி இதனை இலவசமாகப் பெறலாம். சாதாரண மடிக்கணினியிலும் இது இயங்கும். தரவுப் பொதி ஒன்று ஒவ்வொரு கருவியையும் கடந்து செல்வதை ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிவது இதன் சிறந்த வசதியாகும். கம்பியில்லா வலையமைப்பின் கட்டுப்படுத்தியும் இதில் உள்ளது. உண்மையில் வாங்கினால் இக்கருவிக்கு அதிகம் செலவாகும்.

இதில் இடம்பெறாத கட்டளைகள் பல உள்ளன என்பது இதன் குறைபாடாகும். மேலும் நிரலாளர் எதிர்பாராத ஒரு தவறு செய்யப்படும்போது, உண்மையான கருவி காட்டும் அறிகுறியையே இதுவும் காட்டும் என்று உறுதி கூற இயலாது.

எமுலேட்டர்

கருவியின் உண்மையான இயக்குதளத்தையே கணினிக்குள் இயக்கும் மென்பொருள் எமுலேட்டர் எனப்படும். ஜிஎன்எஸ்3, இவிஇ-என்ஜி, சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் ஆகியவை இவ்வாறு இயங்கும் ஆய்வகங்களை அமைக்க உதவுகின்றன. இவற்றில் இயங்குவது உண்மையான மென்பொருள் என்பதால், கட்டளைகளும் பிழைச் செய்திகளும் உண்மையான கருவியில் உள்ளவாறே இருக்கும்.

ஜிஎன்எஸ்3 ஒரு கட்டற்ற மென்பொருள். இவிஇ-என்ஜியின் சமூகப் பதிப்பும் இலவசமானது. ஆனால் இவ்விரண்டும் சிஸ்கோவின் இயக்குதளத்தைத் தம்முடன் வழங்குவதில்லை. அதனை உரிய உரிமத்துடன் பயனரே பெறவேண்டும். சிஸ்கோ மாடலிங் லேப்ஸ், இயக்குதளங்களையும் சேர்த்தே வழங்குகிறது. இதன் 2.8ஆம் பதிப்பு முதல் ஐந்து கணுக்கள் வரை இயக்கத்தக்க இலவசப் பதிப்பு கிடைக்கிறது. மூன்று திசைவிகளும் இரண்டு ஸ்விட்சுகளும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

எமுலேட்டருக்குக் கணினியின் நினைவகமே முக்கியமானது. மேலும் செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸ் அமைப்பில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இது அணைக்கப்பட்டிருப்பதே தொடக்கநிலையினர் பலர் சந்திக்கும் முதல் தடையாகும். டைனமிப்ஸ் வழியாகப் பழைய திசைவிகளை இயக்குவோர் ஐடில்-பிசி என்னும் மதிப்பையும் அமைக்க வேண்டும். அமைக்காவிடில், திசைவி எந்த வேலையும் செய்யாதபோதும் கணினியின் செயலி முழு வேகத்தில் உழன்றுகொண்டிருக்கும்.

டைனமிப்ஸ் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளைப் போலச்செய்வதில்லை. அவற்றில் சட்டகங்களை முன்னனுப்பும் வேலையை அதற்கெனவே வடிவமைக்கப்பட்ட சில்லுகள் செய்வதே இதற்குக் காரணம்.

உண்மையான கருவிகள்

மென்பொருள் மறைத்துவிடும் சிலவற்றை உண்மையான கருவிகளே கற்பிக்கின்றன. கம்பிவடம் சரியாகப் பொருந்தாமை, போர்ட்டின் விளக்கு எரியாமை, ஒரு கருவி முழுமையாக இயங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருத்தல், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டல் ஆகியவை இத்தகையவை. ஆனால் தேர்வில் தேர்ச்சி பெற இவை கட்டாயமல்ல. மேற்கூறிய இலவச மென்பொருட்களை மட்டும் கொண்டே பாடத்திட்டத்தின் பெரும்பகுதியைப் பயிலலாம்.

பழைய கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

நிறுவனங்கள் தம் கருவிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதால், பழைய கருவிகள் இரண்டாம் கைச் சந்தைக்கு வருகின்றன. ஒரு திசைவியும் இரண்டு ஸ்விட்சுகளும் தொடக்கத்திற்குப் போதுமானவை. ஒரே ஒரு கருவி மட்டும் வாங்க இயலுமாயின், திசைவியைவிட ஸ்விட்சே சிறந்த தேர்வாகும். திசைவியை எமுலேட்டரில் எளிதாகப் பெறலாம். ஸ்விட்சின் நடத்தையை முழுமையாகப் பெறுவது கடினம்.

* சிஸ்கோ 1841, 2811: 2004இல் அறிமுகமான வரிசையைச் சேர்ந்தவை. இவற்றில் நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகள் உள்ளன. ஐஓஎஸ் 15.1 பதிப்பு வரை ஏற்கும்.
* சிஸ்கோ 1941, 2911: 2009இல் அறிமுகமான வரிசையைச் சேர்ந்தவை. 1941இல் இரண்டும் 2911இல் மூன்றும் கிகாபிட் போர்ட்டுகள் உள்ளன.
* கேட்டலிஸ்ட் 2960: இரண்டாம் அடுக்கு ஸ்விட்ச். விலேன், ட்ரங்க், ஸ்பானிங் ட்ரீ, ஈதர்சேனல் ஆகியவற்றைப் பயில ஏற்றது. இதன் 'லேன் லைட்' வகையில் வசதிகள் குறைவு. 'லேன் பேஸ்' வகையே விரும்பத்தக்கது.
* கேட்டலிஸ்ட் 3560: மூன்றாம் அடுக்குத் திசைவிப்பையும் செய்யும் ஸ்விட்ச்.

வாங்கும்போது இயக்குதளக் கோப்பின் பெயரில் 'கே9' என்னும் குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். இது மறையாக்க வசதியைக் குறிக்கும். இக்குறி இல்லாத இயக்குதளத்தில் எஸ்எஸ்ஹெச் வழியாகப் பாதுகாப்பாக உள்நுழையும் முறையைப் பயில இயலாது. இயக்குதளம் இல்லாமலே விற்கப்படும் கருவிகளையும் தவிர்க்க வேண்டும்.

கன்சோல் இணைப்பு

புதிதாக வாங்கப்பட்ட கருவிக்கு முகவரி எதுவும் இராது. எனவே முதல் இணைப்பு கன்சோல் போர்ட் வழியாகவே அமைகிறது. இதற்கு ஒரு முனையில் ஆர்ஜே-45 செருகியும் மறுமுனையில் ஒன்பது ஊசி சீரியல் செருகியும் கொண்ட கம்பிவடம் தேவை. இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி மாற்றி ஒன்றும் வேண்டும். சிஸ்கோ 1941 போன்ற கருவிகளில் சிறிய யூஎஸ்பி கன்சோல் போர்ட்டும் உள்ளது.

கணினியில் புட்டி, மினிகாம் போன்ற முனைய மென்பொருளில் பின்வரும் அளவுகளை இடவேண்டும்: வேகம் 9600, தரவு பிட்டுகள் 8, சமநிலைப் பிட்டு இல்லை, நிறுத்தப் பிட்டு 1, பாய்வுக் கட்டுப்பாடு இல்லை. திரையில் பொருளற்ற குறிகள் தோன்றினால் வேகம் தவறாக இடப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. எதுவுமே தோன்றாவிடில் கம்பிவடத்தையும் யூஎஸ்பி மாற்றியின் இயக்கியையும் சோதிக்க வேண்டும்.

கடவுச்சொல் மீட்பு

பழைய கருவிகள் பலவற்றில் முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல் நீக்கப்படாமல் இருக்கும். இதனை ஒரு தடையாகக் கருதாமல் முதல் பயிற்சியாகக் கொள்ளலாம்.

திசைவியை அணைத்து மீண்டும் இயக்கி, முதல் 60 நொடிகளுக்குள் பிரேக் குறியை அனுப்பினால், ஐஓஎஸ் தொடங்குவதற்கு முன்பே ராம்மான் என்னும் சிறு நிரல் கட்டளைக்குக் காத்திருக்கும். அங்கு அமைவுப் பதிவகத்தின் மதிப்பைப் பதினறும எண் 2102இலிருந்து 2142ஆக மாற்ற வேண்டும். மீண்டும் இயங்கும்போது திசைவி தன்னிடம் சேமிக்கப்பட்ட அமைவடிவத்தைப் படிக்காமல் வெறுமையாகத் தொடங்கும். அதனால் கடவுச்சொல்லும் கேட்கப்படாது. பழைய அமைவடிவத்தை அழித்தபின் பதிவகத்தை மறுபடியும் 2102ஆக மாற்றுவது அவசியம். இதை மறந்தால், சேமித்த வேலை ஒவ்வொரு முறை மின்சாரம் தடைப்பட்ட பின்னும் காணாமற்போனதுபோல் தோன்றும். அமைவடிவம் அழிந்திராது, அது படிக்கப்படுவதில்லை என்பதே உண்மை.

ஸ்விட்சில் முன்புறமுள்ள மோட் பொத்தானை அழுத்தியவாறே மின்சாரம் கொடுத்து, அமைவடிவக் கோப்பின் பெயரை மாற்றுவது வழக்கம். ஸ்விட்ச் தன் விலேன் விவரங்களைத் தனிக்கோப்பில் வைத்திருக்கும் என்பதால் அதனையும் அழிக்க வேண்டும். அழிக்காமல் வேறு ஸ்விட்சுடன் ட்ரங்க் வழியாக இணைத்தால் ஓர் ஆபத்து உண்டு. இரண்டின் விடிபி களப்பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருந்து, பழைய ஸ்விட்சின் திருத்த எண் பெரிதாகவும் இருந்தால், மற்றதன் விலேன் பட்டியலை அது மாற்றி எழுதிவிடும்.

மாதிரி ஆய்வகம்

ஒரு திசைவி, இரண்டு ஸ்விட்சுகள், இரண்டு கணினிகள் ஆகியவற்றைக் கொண்ட எளிய அமைப்பு பின்வருமாறு. இதனைப் பாக்கெட் ட்ரேசரிலும் மாற்றமின்றி வரையலாம்.

* இரண்டு ஸ்விட்சுகளையும் இரண்டு கம்பிவடங்களால் ஒன்றோடொன்று இணைத்து, அவ்விணைப்புகளை 802.1கியூ ட்ரங்குகளாக அமைத்தல்.
* விலேன் 10க்கு 192.168.10.0/24, விலேன் 20க்கு 192.168.20.0/24 என்னும் முகவரித் தொகுதிகளை ஒதுக்குதல்.
* ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு கணினியை வெவ்வேறு விலேனில் இணைத்தல்.
* திசைவியின் ஒரு போர்ட்டை முதல் ஸ்விட்சுடன் ட்ரங்காக இணைத்து, ஒவ்வொரு விலேனுக்கும் ஒரு துணை இடைமுகத்தை உருவாக்குதல்.
* திசைவியே இரு விலேன்களுக்கும் டிஹெச்சிபி வழியாக முகவரி வழங்குமாறு செய்தல்.

இந்த அமைப்பில் விலேன், ட்ரங்க், விலேன்களுக்கிடையிலான திசைவிப்பு, டிஹெச்சிபி, அணுகல் பட்டியல், எஸ்எஸ்ஹெச், ஈதர்சேனல், ஸ்பானிங் ட்ரீ ஆகிய அனைத்தும் அடங்கும். ஓஎஸ்பிஎஃப் பயில்வதற்கு எமுலேட்டரில் மூன்று திசைவிகளை முக்கோணமாக இணைத்து, இணைப்புகளுக்கு 10.0.12.0/30, 10.0.23.0/30, 10.0.13.0/30 என்னும் முகவரிகளை இடலாம். திசைவிகளின் எண்களே முகவரியிலும் அமைவதால், திசைவிப்பு அட்டவணையைப் படிப்பது எளிதாகிறது.

பழுதாக்கிப் பயிலுதல்

அமைப்பு சரியாக இயங்கியதும் பலர் அதைக் கலைத்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்கின்றனர். உண்மையில் பயிற்சி அப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, என்ன நிகழும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து, பின்னர் நிகழ்ந்ததுடன் ஒப்பிடுவது நல்ல முறையாகும். கணிப்பு தவறும் இடமே படிக்கவேண்டிய இடம்.

ஸ்பானிங் ட்ரீ

ஐபி பொதிக்கு வாழ்நாள் எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அது ஒன்று குறைந்து, சுழியமானால் பொதி கைவிடப்படும். ஈதர்நெட் சட்டகத்திற்கு அத்தகைய எண்ணிக்கை இல்லை. எனவே ஸ்விட்சுகளுக்கிடையே சுழல் ஏற்பட்டால், பரப்புச் சட்டகங்கள் முடிவின்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வலையமைப்பை முடக்கிவிடும். இதனைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த வழிமுறையே ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் அடிப்படையாகும். மிகையான இணைப்பை அது தற்காலிகமாக அடைத்து வைக்கிறது.

மாதிரி ஆய்வகத்தில் முதலில் இரு கணினிகளையும் ஒரே விலேனில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடைவிடாது பிங் செய்துகொண்டே, ஸ்விட்சுகளுக்கிடையே இயங்கும் இணைப்பைப் பிடுங்கிப் பார்க்கலாம். பழைய முறையில் மாற்று இணைப்பு, செவிமடுத்தல், கற்றல் ஆகிய நிலைகளில் தலா 15 நொடிகள் கழித்தே திறக்கும். அந்த 30 நொடிகளும் பதில் வராது. விரைவு ஸ்பானிங் ட்ரீக்கு மாற்றியபின் அதே சோதனையைச் செய்தால், இணைப்பு மிகக் குறைந்த நேரத்தில் மீள்வதைக் காணலாம்.

அடுத்து, எந்த ஸ்விட்ச் வேர் ஸ்விட்சாக உள்ளது என்று பார்க்க வேண்டும். எல்லா ஸ்விட்சுகளின் முன்னுரிமை எண்ணும் இயல்பாக 32768 என்பதால், சிறிய எம்ஏசி முகவரி கொண்டதே வேராகிறது. அது மூலையில் கிடக்கும் மிகப் பழைய ஸ்விட்சாகவும் இருக்கலாம். வேர் எதுவென நிருவாகியே முடிவுசெய்ய வேண்டும் என்பதன் காரணம் இதனால் விளங்கும்.

ஓஎஸ்பிஎஃப்

அண்டைத் திசைவிகள் ஒன்றையொன்று அறியாமற்போவதே இந்நெறிமுறையின் பொதுவான பழுது. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்:

* ஒரு பக்கத்தில் மட்டும் ஹலோ கால அளவை மாற்றுதல். ஈதர்நெட்டில் இயல்பான அளவு 10 நொடி. 40 நொடி வரை ஹலோ ஏற்கப்படாவிடில் அண்டை உறவு முறியும்.
* ஒரு பக்கத்தின் பரப்பு எண்ணை மாற்றுதல்.
* ஒரு பக்கத்தின் துணைவலை மறைப்பை மாற்றுதல்.
* ஒரு பக்கத்தின் எம்டியு அளவைக் குறைத்தல். இதில் அண்டைத் திசைவி தெரியும். ஆனால் உறவு முழுமையடையாமல் எக்ஸ்ஸ்டார்ட் போன்ற இடைநிலையில் தேங்கி நிற்கும். பிங் வேலை செய்வதால் இப்பழுதைக் கண்டறிவது கடினம்.

வழியின் செலவைக் கணக்கிடும் முறையிலும் ஒரு படிப்பினை உண்டு. இயல்பான ஒப்பீட்டு வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்பதால், 100 மெகாபிட் இணைப்புக்கும் கிகாபிட் இணைப்புக்கும் செலவு 1 என்றே கணக்கிடப்படும். எனவே பத்து மடங்கு வேகமான வழி இருந்தும், திசைவி அதற்குத் தனி முன்னுரிமை தராது. ஒப்பீட்டு வேகத்தை எல்லாத் திசைவிகளிலும் ஒரேயளவாக உயர்த்துவதே இதற்குத் தீர்வாகும்.

பொதிகளைக் காணுதல்

வயர்ஷார்க் என்னும் கட்டற்ற மென்பொருள் இணைப்பின் வழியே செல்லும் பொதிகளைப் பிடித்துக் காட்டும். இதனை ஜெரல்டு கோம்ஸ் 1998இல் ஈதீரியல் என்னும் பெயரில் வெளியிட்டார். 2006இல் இப்பெயர் மாறியது. டிஹெச்சிபியின் நான்கு செய்திகளையும், டிசிபியின் மும்முறைக் கைகுலுக்கலையும் ஒருமுறை நேரில் கண்டவர், அவற்றின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டெல்நெட் வழியாக அனுப்பப்படும் கடவுச்சொல் வெளிப்படையாகத் தெரிவதையும், எஸ்எஸ்ஹெச்சில் அது மறைந்திருப்பதையும் இதிலேயே ஒப்பிடலாம்.

செலவு

செலவைப் படிப்படியாக ஏற்றுவது சிக்கனமான முறையாகும். முதற்படியில் ஏற்கெனவே உள்ள கணினியில் பாக்கெட் ட்ரேசரைக் கொண்டு பாடத்திட்டம் முழுவதையும் ஒருமுறை கடக்கலாம். இதற்குச் செலவு இல்லை. இரண்டாம் படியில் இலவச எமுலேட்டரைச் சேர்க்கலாம். தேவைப்பட்டால் கணினியின் நினைவகத்தை 16 கிகாபைட்டாக உயர்த்தலாம். இச்செலவு வீணாவதில்லை, தேர்வுக்குப் பின்னும் அந்நினைவகம் வேறு பணிகளுக்குப் பயன்படும். மூன்றாம் படியிலேயே பழைய ஸ்விட்சுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்வுக் கட்டணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 200-301 தேர்வு 2020இல் தொடங்கியபோது அதன் கட்டணம் 300 அமெரிக்க டாலர்களாக இருந்தது. தேர்ச்சி பெறாவிடில் இக்கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். எனவே கருவிகளுக்கே பணம் முழுவதையும் செலவிட்டுத் தேர்வைத் தள்ளிப்போடுவதைவிட, கட்டணத்தை முதலில் ஒதுக்கிவைத்து மீதியில் ஆய்வகம் அமைப்பது அறிவுடைமை.

மின்சாரமும் ஒரு செலவே. எடுத்துக்காட்டாக, கருவி ஒன்றுக்கு 40 வாட் எனக் கொண்டால், மூன்று கருவிகள் இரவும் பகலும் இயங்கும்போது 30 நாட்களில் 86.4 அலகு மின்சாரம் செலவாகும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இயக்கினால் இது 7.2 அலகாகக் குறையும். அடுக்குச் சட்டகத்தில் பொருத்துவதற்கான கருவிகளின் விசிறிகள் பேரொலி எழுப்புவதால், சிறிய வீடுகளில் அவற்றைத் தொடர்ந்து இயக்குவது பிறருக்குத் தொல்லையாகவும் அமையும்.

தன்னியக்கப் பயிற்சி

பாடத்திட்டத்தின் தன்னியக்கப் பிரிவுக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஜேசன் தரவு வடிவத்தைப் படித்தறிதல், ரெஸ்ட் இடைமுகங்களின் இயல்பு ஆகியவை இப்பிரிவில் இடம்பெறுகின்றன. ஆன்சிபிள், டெராஃபார்ம் ஆகிய அமைவு மேலாண்மைக் கருவிகளைப் பற்றிய அறிமுகமும் 1.1ஆம் பதிப்பில் எதிர்பார்க்கப்படுகிறது. லினக்ஸ் இயங்கும் ஒரு மெய்நிகர் கணினியை எமுலேட்டரில் உள்ள திசைவிகளுடன் இணைத்து, ஒரே அமைவை எல்லாத் திசைவிகளுக்கும் ஆன்சிபிள் வழியாக அனுப்பிப் பார்க்கலாம். கையால் மூன்று முறை தட்டச்சு செய்தவருக்கே தன்னியக்கத்தின் பயன் நன்கு புலப்படும்.

கவனிக்க வேண்டியவை

* ஆய்வகத்தை வீட்டின் இணைய இணைப்புடன் நேரடியாக இணைத்தல் கூடாது. ஆய்வகத் திசைவியின் டிஹெச்சிபி சேவை வீட்டிலுள்ள கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் தவறான முகவரிகளை வழங்கினால், அவற்றின் இணையத் தொடர்பு துண்டிக்கப்படும்.
* முகவரிகளாகத் தனியார் பயன்பாட்டுக்கென 1996இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும். பொது முகவரியைக் காட்ட வேண்டிய பயிற்சிகளுக்கு, ஆவணங்களுக்கென ஒதுக்கப்பட்ட 203.0.113.0/24 போன்றவை உள்ளன.
* இயக்குதளக் கோப்புகளை உரிமமின்றிப் பதிவிறக்குவது உரிம மீறலாகும். எங்கிருந்தோ பெற்ற கோப்பில் தீங்குநிரல் இருக்கவும் கூடும்.
* பயின்றவற்றைப் பிறர் வலையமைப்பில் அனுமதியின்றிச் சோதித்தல் கூடாது. ஆய்வகம் அமைப்பதன் காரணமே, தவறு செய்வதற்கு உரிமையுள்ள ஓர் இடம் வேண்டும் என்பதுதான்.
* கசியவிடப்பட்ட தேர்வு வினாக்களை மனப்பாடம் செய்வது தேர்வு விதிகளுக்கு முரணானது. சான்றிதழ் நீக்கப்படவும் அது காரணமாகலாம்.

வரையறைகள்

வீட்டு ஆய்வகம் எல்லாவற்றையும் கற்பித்துவிடுவதில்லை. பல நூறு பயனர்களின் போக்குவரத்து, பலர் சேர்ந்து பராமரிக்கும் அமைப்பில் ஒருவர் அறியாமல் மற்றொருவர் செய்யும் மாற்றங்கள், சேவை நிறுத்தத்திற்கு முன் பெறவேண்டிய ஒப்புதல்கள் ஆகியவை பணியிடத்தில்தான் தெரியவரும். ஆய்வகத்தில் பழுதை ஏற்படுத்தியவரே அதைத் தேடுவதால், விடை முன்பே தெரிந்திருக்கும் என்பதும் ஒரு குறை. இருவர் சேர்ந்து படித்தால் இக்குறை நீங்கும்: ஒருவர் அமைவடிவத்தில் ஒரு பழுதை மறைத்துவைக்க, மற்றவர் அதைக் கண்டறியலாம். தனியாகப் படிப்போர், பழுதாக்கப்பட்ட அமைவடிவங்களைக் கோப்புகளாகச் சேமித்து, சில வாரங்கள் கழித்து அவற்றில் ஒன்றைப் பாராமல் எடுத்து இயக்கிப் பார்க்கலாம்.

சரியாக இயங்கிய அமைவடிவங்களையும், கண்டறிந்த பழுதுகளின் குறிப்புகளையும் தேதியிட்டுச் சேமித்து வருவது நல்ல பழக்கமாகும். தேர்வு முடிந்து கருவிகள் விற்கப்பட்ட பின்னரும், அறிகுறி இன்னது, காரணம் இன்னது, தீர்வு இன்னது என்று எழுதப்பட்ட அந்தக் குறிப்பேடு பணியில் தொடர்ந்து பயன்படும்.